கடைமடை நீரொழுங்கி

கூரியர் பையன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு
“ஃபேன் ரெகுலேட்டருக்கா இவ்வளவு கனம்?” என்றான்.
பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி,
பொதுப்பணித்துறையில் லஸ்கராய் இருந்து ஓய்வுபெற்றவர்,
மதில்மேல் எட்டி
“எந்த ஆத்துக்கு?” என்றார்.
அவருக்குத் தெரிந்த ரெகுலேட்டரெல்லாம்
அரசலாற்றின் குறுக்கே துருவேறி நிற்பவை.
கோப்பில் அவற்றுக்கு நீரொழுங்கி என்று பெயர்.
“இது காத்துக்கு” என்றேன்.
சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பித்தளையில் ஒரு வட்ட டப்பா.
இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாய் ரப்பர் குழாய்.
முக்கால்வாசி அழிந்த பிரெஞ்சுத் தகடு.
புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில்
பழைய பித்தளை விலைக்கு எடுத்துக்
காரைக்காலுக்கு அனுப்பியவன் தனவேல்,
புரொப்பல்லரில் சுற்றிய வலையை
மூழ்கி அறுக்கிறவன்.
புதுசாகவே இரண்டு வைத்திருக்கிறான்.
பிறகு இது எதற்கு?
“குமிழி பின்னந்தலைப் பக்கம் போயிடும்க்கா,
மூஞ்சிக்கு முன்னால படபடன்னு அடிக்காது.”

பகலில் நான் பல்செட் செய்கிறவள்.
பதினொன்றுக்குமேல்
அதே மேசை, அதே கொக்கி ஊசிகள்.
அதிர்வுத் தொட்டியில் கிடந்த
யாரோ ஒரு தலைமையாசிரியரின் மேல்தாடையை
எடுத்து ஓரமாய் வைத்தேன்.
பாதிக்குப் பாதி வினிகர் ஊற்றி
திருகுகளைப் போட்டேன்.
பச்சைக் களிம்பு புகைபோலக் கிளம்பியது.
ஒரு மரை மட்டும் மூன்று இரவு அசையவில்லை.
கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.
நாலாம் இரவு
தானாகவே முடிவெடுத்ததுபோல் சுழன்றது.

புது வளையங்கள், புது உதரவிதானம்,
வாத்தின் அலகுபோல் ஒரு ரப்பர் வால்வு.
தனவேலின் சிலிண்டரைத் திறந்தேன்.
ஒன்பதில் நிற்க வேண்டிய முள்
ஒன்பதில் நின்றது.
தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் ஒன்பதேகால்.
உட்கார்ந்து பார்த்தேன்:
பூட்டாத வீட்டில்
யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதுபோல
பத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிரித்தேன் மறுபடி.
லென்ஸுக்கடியில், வட்ட விளிம்பில் ஒரு மயிரிழைக் கீறல்.
அந்த விளிம்பு அமரும் வில்லையில்
வட்டமாய் ஒரு கடித்தடம்.
கடித்தடங்களோடுதான் என் பிழைப்பு.
பல்லுக்கு மெருகேற்றும் ரப்பர் நுனியால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன்.
வில்லையை மாற்றினேன்.

வாய்க்கட்டை பிசுபிசுத்துப் போயிருந்தது.
எறியப் போனேன்.
இடது பக்கம் ஆழமான குழிகள்,
வலது பக்கம் ஒன்றுமே இல்லை.
வலது கடைவாய் விழுந்த ஆள்.
இல்லை, ஒருபக்கமாய் பயப்படுகிற ஆள்.
பிளாஸ்டர் கலந்து ஊற்றினேன்.
முக்கால் மணி நேரத்தில்
வெள்ளையாய் நான்கு பற்கள் வந்து நின்றன.
சீட்டில் பெயர், வயது, மருத்துவர்:
எல்லாம் காலி.
தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மேட்டூர் திறந்து பத்தொன்பது நாள்.
தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை.
கொல்லையில் சிமெண்ட் தொட்டி அரைவாசி,
நகராட்சிக் குழாய் புண்ணியத்தில்.
எனக்கு நீச்சல் தெரியாது.
மண்டியிட்டு முகத்தை மட்டும் அமுக்கினேன்.
புது ரப்பரில்
என் பற்கள் இரண்டு பக்கமும் இறங்கின.

நூற்றைம்பதில் அடைபட்ட காற்று
ஒன்பதாகி
பிறகு ஒன்றுமில்லாததுபோலாகி
நான் கேட்ட அளவுக்கு, கேட்டபோது,
கொஞ்சம் பித்தளை ருசியோடு வந்தது.
ஆறு ஒருநாளும் எங்களுக்கு அப்படி வந்ததில்லை.
குமிழிகள் காதைத் தாண்டிப்
பிடரி மயிரைக் கலைத்துக்கொண்டு போயின.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.

தலையைத் தூக்கினால் மதில்மேல் பக்கிரிசாமி.
“என்னம்மா மர்செலின் சளசளன்னு சத்தம்,
தண்ணி வந்துட்டா?”
வாயெல்லாம் ரப்பர்.
கையை மட்டும் ஆட்டினேன்.
அவர் அதை வேறாக எடுத்துக்கொண்டு
சட்டைகூடப் போடாமல்
சைக்கிளை ஆற்றுப்பக்கம் விட்டார்.

கூப்பிட்டிருக்கலாம்.
இன்னும் எண்பது பார் மிச்சமிருந்தது.
குனிந்தேன்.